சவுக்காரம் தீர்ந்த பிறகு

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் லூனாசுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக வேலை பார்த்தேன். சண்டை நெருங்கியதும் டாக்டர் வெள்ளைக்காரர்களோடு போய்விட்டார். மிஞ்சியது டாக்டருக்கு உதவியாளராக இருந்த டிரெசரும் நானும். மருந்து கலக்குவது, ஊசி போடுவது எல்லாம் டிரெசர் பார்த்துக்கொள்வார். பிரசவம் மட்டும் என் பொறுப்பு. ஆம்பிளை அந்த அறைக்குள் வரக்கூடாது என்பதில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் கண்டிப்பாக இருந்தார்கள்.

டாக்டர் இருந்தவரை, ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொட முடியாது. சவுக்காரம் தீர்ந்த பிறகு அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்து அந்தத் தண்ணீரில் கழுவினோம். அது தோலை வெடிக்க வைத்தது. வெடித்த கையோடுதான் காலில் குழிப்புண் வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டேன். கட்டுத்துணியும் பழைய வேட்டியைக் கிழித்ததுதான். அவிழ்த்து, வேகவைத்து, மறுபடியும் அதையே கட்டுவோம்.

ஒருநாள் விரலிடுக்கில் அரிப்பு எடுத்தது. பிறகு சிரங்கு, சீழ். லயத்தில் பாதிப் பேருக்கு அது இருந்தது. ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளுக்குச் சிரங்கு வந்தால் பரிதாபப்படுவார்கள். ஆஸ்பத்திரி ஆயாவுக்கு வந்தால்? முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நடக்கப் பழகினேன்.

சயாம் ரயில் ரோடு போடப் புருஷனை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோயிருந்த ஒருத்தி காலையில் வலியோடு வந்தாள். அவளுடைய மூத்த பிள்ளையை எடுத்தவள் நான்தான். குனிந்து வயிற்றைத் தொடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"வேணாங்க்கா. இந்தக் கையால என் புள்ளய எடுக்காதீங்க."

கூட வந்த மாமியார் பதறிப்போனாள். "வேற யாருடி பாப்பாங்க? டிரெசரு ஆம்பிள."

"அவரே பாக்கட்டும்." வலி வந்து பல்லைக் கடித்தாள். அது தணிந்ததும் என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்கக்கா," என்றாள்.

அந்த வலியிலும் அவள் எனக்குச் சமாதானம் சொன்னதுதான் தாங்கவில்லை.

நானே போய் டிரெசரைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டவர் மருந்து அலமாரியின் பூட்டைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே சிவப்புச் சவுக்காரம், பாதிக் கட்டி.

"இது இருந்துச்சாங்க?" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "சுங்கைப் பட்டாணியிலேர்ந்து ஜப்பான் ஆபீசர் வந்தா கை கழுவக் கேப்பான். இல்லன்னா அடிப்பான்மா. அதுக்குன்னு எடுத்து வச்சேன்."

நான் தண்ணீர் ஊற்ற, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். உள்ளே அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கை நீட்டினார். பிரசவம் பார்த்துப் பழக்கமில்லாதவர். நான் தலைமாட்டில் நின்று, "மெதுவா இழுங்க, கொடி கழுத்துல சுத்தியிருக்கான்னு பாருங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெண் குழந்தை. நன்றாகவே அழுதது. மாமியார் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் டிரெசர் மிச்சச் சவுக்காரத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். "ஆபீசர் வந்தா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டேன். "வரட்டும், பாத்துக்கலாம்," என்றார்.

ஆபீசர் வந்தான். பேசினில் சாம்பல் தண்ணீரைப் பார்த்தான். நோயாளிகள் எல்லாரும் பார்க்க டிரெசரை அறைந்தான். கண்ணாடி கீழே விழுந்தது. அவர் குனிந்து வணக்கம் செய்தார். மறுபடியும் அறை விழுந்தது. என்னைவிட இருபது வயது பெரியவர். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் சுவரோரம் நின்றிருந்தேன்.  அன்று முழுவதும் நான் அவர் பக்கம் போகவில்லை.

அந்தச் சவுக்காரத்தைத் தேய்த்துக் கழுவி, கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, மெல்ல மெல்ல என் கை ஆறியது. தழும்பு கூடப் பெரிதாக இல்லை.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு குழாயடியில் அவளைப் பார்த்தேன். "எடுத்துக்குங்கக்கா," என்று நீட்டினாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"அடுப்புல கெழங்கு வேகுது, அப்பறம் வர்றேன்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஊரில் கிழங்குக்கே அலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை.