தலைச்சோலையில் ஒரு பாரசீகப் பேனாப் பெட்டி

கடந்த நவம்பரில் நான் ஏற்காட்டுக்குப் போனது ஏரியைப் பார்க்க அல்ல. பாரசீக உலோக வேலைப்பாடுகளைப் பற்றி இந்த வலைப்பூவில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஏற்காட்டுக்குப் பக்கத்துத் தலைச்சோலையிலிருந்து திரேசா என்பவர் போனில் கூப்பிட்டார். அவர் கணவர் சவரிமுத்து காபி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவர். பழைய பங்களாவைக் காலி செய்தபோது முதலாளி அவருக்கு ஒரு பித்தளைப் பேனாப் பெட்டியைக் கொடுத்தாராம்.

"அது வந்ததுலருந்து மூணு மாசமா பேச்சே இல்லீங்க. எழுதிக்கிட்டே இருக்காருங்க. என்ன எழுத்துன்னே தெரியலீங்க" என்றார். கல்லூரியில் பாரசீகம் படித்தவன் நான். கிளம்பிவிட்டேன்.

சேலத்தில் காலை 7.15 பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகள் (ஜன்னலோரம் வேண்டாம், பள்ளம் தெரியும்). 8.45க்கு ஏற்காடு. அங்கிருந்து ஆட்டோ ஐந்நூறு ரூபாய். பாதையெல்லாம் பனிமூட்டம்.

"ரைட்டர் ஊடுங்களா? நான் கேட்லயே நின்னுக்கறனுங்க" என்றார் ஓட்டுநர். ஏன் என்று கேட்டேன்; ஆட்டோவைத் திருப்பி நிறுத்திக்கொண்டார்.

சவரிமுத்து ஜன்னலருகே எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நாணல் பேனா வலமிருந்து இடமாக ஓடியது. பக்கத்தில் மூடிய பெட்டி: ஒரு சாண் நீளம், பித்தளையில் வெள்ளிக் கம்பி பதித்த கொடிகள், ஒரு முனையில் மைக்கூடு. மூடியில், 'உடையவருக்கு நீண்ட ஆயுளும் நலமும்' என்ற பாரசீக வாசகம்.

முதல் கட்டுத் தாள்களில் அதையேதான் பார்த்து எழுதியிருந்தார். பிறகு வேறொரு வரி, தாள் தாளாக. பெட்டியின் நாலு பக்கமும் தேடினேன். அந்த வரி எங்கும் இல்லை. மூடியைத் திறந்து பார்க்க மட்டும் கை துணியவில்லை.

"மறைக்காம சொல்லுங்க" என்றார் திரேசா.

"'மூடாதீர்கள், உள்ளே இருட்டு' என்று எழுதியிருக்கிறார்."

திரேசா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நாந்தானுங்க தெனமும் மூடி வெக்கறது. தூசி உளுகுமேன்னு."

கிட்டே போய் மூடியைத் திறந்தார். உள்ளே காய்ந்த மைக்கறை மட்டும். பேனாவின் கீறல் சத்தம் நின்றது. சவரிமுத்து தலை தூக்கினார்.

"திரேசா, பசிக்குது."

திரேசா சோறு போட்டுக் கொடுத்தார்; பெட்டியை மட்டும் மூடவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குள் ஏற்காடு திரும்பிவிடுங்கள், அதற்குமேல் பாதை தெரியாது. அந்த வீட்டு முகவரியைத் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

போன ஞாயிறு திரேசாவிடம் பேசினேன். கணவர் வேலைக்குப் போகிறாராம், நன்றாகப் பேசுகிறாராம். பெட்டியை என்ன செய்தீர்கள் என்றேன்.

"தொறந்தேதான் கெடக்குதுங்க. அவரு ஊட்ல இல்லாதப்பவும் அதுக்குப் பக்கத்துல ஒரு லைட்டு போட்டு வெச்சிருக்கறனுங்க."