சின்னம் இல்லாத தேர்தல்

புது மையின் வாசம். தம்பி சூட்கேஸைத் திறந்ததும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் வீட்டு முன்னறை முழுவதும் அது பரவியது. தேர்தல் நோட்டீஸ்கள். அமெரிக்காவில் அவன் வாழும் பெரிய நகரத்தின் மேயர் பதவிக்கு நிற்கிறான். மேலே அவன் முகம், கீழே அவன் பெயர்.

மூக்கு முந்திக்கொண்டது. எனக்கு மறுபடியும் பதினாறு வயதாகிவிட்டது. யாழ்ப்பாணம், இதே ஈர மை, சித்தப்பாவின் முகம், பக்கத்தில் ஒரு குடைச் சின்னம். எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக நின்றவர். வாக்களிப்புக்கு முன்னரே எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்பில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தம்பி அப்போது கைக்குழந்தை. அவனுக்கு அது ஒரு கதை, எனக்கு அது மணம்.

நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன். "சின்னம் எங்கயடா?"

சிரித்தான். அவர்களுடைய மேயர் தேர்தலில் கட்சிக்கே இடமில்லையாம். வாக்குச்சீட்டில் வெறும் பெயர்கள்தானாம்.

"அப்ப எல்லாரும் சுயேச்சையோ?"

"ஓம் அக்கா. எல்லாரும்."

முதுகுக்குப் பின்னால் எவருமில்லாமல், வெட்டவெளியில், வரிசையாக மனிதர்கள் நிற்பது என் கண்முன் தெரிந்தது.

"கட்சி இல்லையெண்டா, ஆர் சுட்டதெண்டு எப்பிடியடா கண்டுபிடிக்கிறது?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் பைத்தியக்காரத்தனம் எனக்கே உறைத்தது. அவன் பொறுமையாக விளக்கினான்: அங்கே சண்டையெல்லாம் பஸ்ஸுக்கும் பனி அள்ளுவதற்கும் வீட்டு வாடகைக்கும்தான். மிரட்டி யாராவது எழுதுகிறார்களா என்று கேட்டேன். எழுதுவார்கள்தான் என்றான். வீட்டு விலாசம் தெரியுமா அவர்களுக்கு? அவன் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

பெயரை எடுத்துவிடு என்று கெஞ்சினேன். இன்னும் அவகாசம் இருந்தது.

"சித்தப்பாவும் விலகேல்லைத்தானே, அக்கா."

அவனுக்கு அது வெறும் கதை என்று நினைத்திருந்தேனே. அதைத்தான் இத்தனை காலமும் நெஞ்சுக்குள் வளர்த்திருக்கிறான்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு நடந்தோம். நகைக்கடைக் கண்ணாடிகளில் எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார்சைக்கிள் ஒன்று பக்கத்தில் வேகம் குறைத்தது. தம்பியின் சட்டைக்கையைப் பற்றி ஒரு கடை வாசலுக்குள் இழுத்துவிட்டேன். அதை ஓட்டிவந்த பையன் விலாசம் தேடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நான் சட்டைக்கையை விடும்வரை தம்பி அங்கேயே நின்றான்.

ரயில் வந்தது. ஏறி, கதவோரம் திரும்பி நின்றான்.

"போட்டு வாறன் அக்கா. வெல்லச் சொல்லி அனுப்பு."

"தோத்துப்போட்டு வா, ராசா."