தேர் வடத்தில் என் கை

தொண்ணூறுகளில், தம்பிக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு ராஜபாளையத்தில் மில் வேலைக்குத் திரும்பினேன். கூட வேலை பார்த்தவர்கள் ஒரு நூல் கூடையைக்கூடத் தூக்க விடவில்லை.

"தானாடாட்டாலும் தன் சதை ஆடும்னு குடுத்திட்ட. இனி நீ பாதி ஆளுதானட்டி" என்பாள் அவர்களில் ஒருத்தியான மாரியம்மா.

எல்லா வேலையும் செய்யலாமென்று டாக்டரே சொல்லியும் யாரும் நம்பவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன்.

மறுவருடம் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மில்காரர்கள் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தேர் வடத்தை நானும் பிடித்தேன்.

"ஏட்டி, விடு. தையல் பிரிஞ்சிரும்" என்று மாரியம்மா என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"என்னை இழுக்குத பலத்துல தேரை இழு" என்றேன்.

அவளும் வடத்தைப் பிடித்தாள். தேர் தெருமுனை வரை நகர்ந்தது, நான் கையெடுக்கவில்லை. அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"நல்லாத்தான இருக்க. நாளைலருந்து என் கூடையையும் சேத்து நீயே தூக்கு" என்றாள்.

எத்தனையோ பேர் என்னைத் தியாகி என்றார்கள். மனசு குளிர்ந்தது அவள் என்னை முழு ஆளாக நினைத்துச் சொன்ன அந்த வேலையில்தான்.