ஒருத்தின்னா எஸ் வரணும்

கணவரை இழந்த டீச்சர் தன் வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த பூட்டு ரிப்பேர்காரர் கெட்டிக்காரர்தான். வினைச்சொல்லில் ‘எஸ்’ சேர்க்க மட்டும் மறந்துவிடுவார்.

“ஷீ லிவ் அலோன்,” என்றார் அன்று.

“லிவ்ஸ். ஒருத்தின்னா எஸ் வரணும்.”

“ஷீ லிவ்ஸ் அலோன். ஹெர் பேக் டோர் இஸ் வீக்.”

“அப்படித்தான்! ஹெர்னா அவளோட,” என்று பாராட்டிய டீச்சர் மறுநொடியே பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தனியாக இருப்பவர் அவர். உளுத்துப்போன பின்கதவும் அவர் வீட்டில்தான்.

“யாரைச் சொல்றீங்க?”

“சும்மா ஒரு உதாரணம், டீச்சர்.”

வகுப்பு முடிந்ததும் டீச்சர் மாற்றுப்புடவையோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் திரும்பியபோது பின்கதவு பெயர்ந்து கிடந்தது. ஒரு பொருளும் திருடு போகவில்லை. அவருடைய கட்டிலில் யாரோ படுத்து எழுந்திருந்தார்கள். டீச்சர் தெருவுக்கு வந்து நின்று போலீசுக்குப் போன் செய்தார்.