கதவளவு ஸ்பீக்கர்கள்

லால்குடியிலிருந்து மாற்றலாகி ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது, மாடியைக் காட்டிய வீட்டுக்காரர் அவர். எழுபது வயதிருக்கும். யார் பேசினாலும் உதட்டையே உற்றுப் பார்ப்பார்.

கீழே அவர் தனியாக இருந்தார். கூடத்தின் நடுவே கதவளவு பலகைகள் இரண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ஸ்பீக்கர்; பின்பக்கம் பெட்டியில்லாமல் திறந்திருந்தது. எதிரே ஒரே நாற்காலி.

"நானே செஞ்சதுங்க. பலகை குறுகலா இருந்தா பின்னாடி சத்தம் முன்னாடி வந்து பேஸை, அதான் கும்முனு வர்ற கீழ் சத்தத்தை, தின்னுடும். அதான் இவ்வளவு அகலம். உக்காருங்க."

கச்சேரி ஒன்றைப் போட்டார். மிருதங்கத்தின் கும்மென்ற ஒலி தரைவழியே என் பாதத்தில் ஏறியது. அவர் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இப்ப கீழ் சத்தம் மட்டும்தாங்க கேக்குது. அதுவாவது முழுசா வரட்டும்னுதான் இதைச் செஞ்சேன். பொண்ணு போன்ல பேசறதுகூடப் புரியறதில்ல. வயலின் எப்படி இருக்கு, சொல்லுங்களேன்."

எனக்குச் சங்கீதம் தெரியாது. "நல்லா இருக்குங்க" என்றேன்.

அவர் காத்திருந்தார். பிறகு அதே இடத்தை மறுபடி போட்டார். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

வேறு வீடு பார்த்துக்கொண்டேன். இன்றும் எங்காவது வயலின் கேட்டால், அவரிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்தபடி நின்றுவிடுகிறேன்.