முத்தக்காரரின் கீழுதடு

கார்களுக்கு வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி செய்கிற அந்த மனிதரை ஆடியோ கடைக்காரர்கள் முத்தக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்தால் மட்டும் விட்டுவிடப் போகிறார்களா என்ன?

பலகையை அறுத்து, பசை தடவி, திருகி முடித்ததும் வூஃபரைப் பொருத்திப் பாட்டை ஓடவிடுவார். பிறகு மண்டியிட்டு, கீழுதட்டை ஒவ்வொரு மூட்டின் மேலும் மெல்ல நகர்த்திக்கொண்டே போவார். அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றுதான் வூஃபருக்கு முட்டுக்கொடுக்கிறது. ஊசிமுனை இடுக்கு போதும், ‘தொம்’ என்று விழவேண்டிய அடி ‘புஸ்’ என்று போய்விடும். அந்த இடுக்கு, பசையில் காய்த்துப்போன அவர் கைக்குச் சிக்காது. உதட்டுக்குச் சிக்கும். இருபத்தாறு வருஷமாக ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்திருக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் கீழ்வரிசையில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொண்டார். வலி போனது, கூடவே கீழுதடும் மரத்துப் போனது. சரியானாலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் பல் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேறு!

வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. கொசுவத்திப் புகையை மூட்டருகே பிடித்துப் பார்த்தார். வூஃபர் அடித்த காற்றில் புகை நாலாபக்கமும் ஓடியது. மேலுதடாவது உதவட்டும் என்று, கல்யாணத்தன்றுகூடக் கத்தி படாத மீசையை மழித்தார். “என்னங்க இது, உரிச்ச கோழி மாதிரி!” என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேலுதட்டுக்கு அந்த வித்தை பிடிபடவே இல்லை.

பெட்டிகள் திரும்பி வரவே, இரண்டு கடைகள் சொல்லாமலே வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டன. மிச்சமிருந்த ஒரே கடைக்காரர் இன்று காலை பெட்டியோடு நேரிலேயே வந்து நின்றார்.

“அண்ணே, இது ரெண்டாவது தடவை திரும்பி வந்திருக்கு. வண்டிக்காரர் சாயங்காலம் வர்றார். இப்பவும் புஸ்னு போச்சுன்னா நான் ரெடிமேட் பெட்டி போட்டுக்கறேன். தப்பா நினைக்காதீங்க.”

எல்லா மூட்டிலும் மறுபடி பசை பூசினார். காயவைத்து ஓடவிட்டார். புஸ். வேறு தொழில் தெரியாது, இந்த வயதில் யார் கற்றுக்கொடுப்பார்கள்?

பின்கட்டுப் பட்டறைக்கு மனைவி டீ கொண்டுவந்தாள். “கொதிக்குது, பாத்து.” அவர் மடக்கென்று குடித்தார். டீ முகவாயில் வழிந்தது, துடைக்கவில்லை. உதட்டில் பழைய கொப்புளம் ஒன்று சிவந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கயோ காத்து போகுது,” என்றார். “நீ கொஞ்சம் உதட்டை வச்சுப் பாரேன்.”

“ஐயே, உங்க பெட்டிக்கு நான் முத்தம் குடுக்கணுமா?”

என்றாலும் உட்கார்ந்தாள். சுற்றிலும் உதட்டை நகர்த்தினாள். பின்னால், ஒயர் மாட்டும் தகட்டருகே ஒரு கணம் நின்றாள். பிறகு அதையும் தாண்டிப் போய், அடிமூலையில் விரலை வைத்தாள்.

“இங்கதாங்க. ஜில்லுனு வருது. நீங்களே பாருங்க.”

அவர் குனிந்து உதட்டை அங்கே பதித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆமா ஆமா, நல்லாவே வருது. எப்படி விட்டேன் இதை?”

அவள் கை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

“அங்க ஒண்ணுமே வரலைங்க. காத்து வர்றது அந்தத் தகட்டுக்கிட்ட.” அவள் குரல் இறங்கியது. “எத்தனை நாளா இப்படி?”

அவர் பலகையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.