இல்லை எனில் காரணம்

பார்லிமென்ட்டில் ஓர் உறுப்பினர் கேட்டிருக்கும் கேள்வி டெல்லியில் கிளம்பி, சென்னையில் இறங்கி, விருதுநகர் வந்து என் மேஜையில் விழும்போது, பதில் அனுப்பக் கெடு அநேகமாக அன்றைக்கு மத்தியானமாக இருக்கும். 'மிக மிக அவசரம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் பலருக்கு யோசனை வரும். எனக்கு ஒண்ணுக்கு வரும்.

எங்கள் மாவட்டச் சுகாதார ஆபீசில் சிவகாசிப் பக்கத்துப் பதில்கள் என் பொறுப்பு. சாத்தூர்ப் பக்கம் அடுத்த மேஜைக்காரர் பொறுப்பு. அவரை எல்லோரும் பாய் என்போம். அண்ணன் தம்பிகள் பஜாரில் மொத்த வியாபாரம் செய்ய, இவர் மட்டும் உத்தியோகத்துக்கு வந்தவர். கடைக்கார ரத்தம், சரக்கு இருந்தால் இருக்கு என்பார், இல்லாவிட்டால் இல்லை என்பார். அதற்கு மேல் வியர்க்க மாட்டார். அந்த வியர்க்காத நெற்றி மேல் எனக்குப் பல வருஷப் பொறாமை.

அன்றைக்கு வந்த கேள்வி இது: பட்டாசு ஆலைகள் உள்ள கிராமங்களில் தீக்காயம் பட்டவர்களை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் நிறுத்தப்பட்டுள்ளதா? ஆம் எனில் விவரம். இல்லை எனில் காரணம்.

என் பக்கத்து ஊர்களில், நாரணாபுரத்தில் இல்லை, விஸ்வநத்தத்தில் இல்லை. இது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனால் 'இல்லை' என்று எழுதினால் அடுத்த வரியில் காரணம் நிற்கிறதே! காரணம் எழுதினால், 'நீ ஏன் முன்னாடியே சொல்லவில்லை' என்று திரும்பி வரும். அதனால் எங்கள் ஆபீசில் தலைமுறை தலைமுறையாகக் கைவசம் இருந்த மருந்தைப் போட்டேன்: 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது.' போட்டதும் நெஞ்சு ஆறியது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் பாய் எழுதி முடித்திருந்தார். எட்டிப் பார்த்தேன். 'இல்லை. காரணம்: வேண்டுமென்று இதுவரை இந்த அலுவலகம் எழுதிக் கேட்கவில்லை.'

"பாய், நம்ம தலையில நாமளே மண் அள்ளிப் போடுறதா?"

"இருக்கிறதத்தான அண்ணாச்சி எழுதியிருக்கேன். அங்கன வண்டி கெடையாது. நாம கேக்கவும் இல்ல."

எங்கள் அதிகாரி அம்மா இரண்டையும் வாசித்தார். பாயுடையதில் சட்டென்று கையெழுத்துப் போட்டார். என்னுடையதில் போடுவதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையை வீடு வரைக்கும் சுமந்து போனேன்.

கொஞ்ச நாளில் சாத்தூர்ப் பக்கத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளை வெளேரென்று, புதுசு. ஊர்க்காரர்கள் மாலை போட்டார்கள். பாய்க்கும் ஒரு துண்டு போட்டார்களாம். அந்தத் துண்டோடு அவர் ஆபீஸ் வந்த அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் கொழுந்தியா உட்கார்ந்திருந்தாள். நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் வெடிக்குத் திரி செருகுகிறவள். சீசன் தொடங்கி ஆர்டர் நெருக்குகிற நேரம்.

"என்ன மச்சான், சாத்தூருக்கு வண்டி வந்துருச்சாம்ல. நாங்க வெந்தா எதுல ஏத்திட்டுப் போவீக? ஒங்க ஸ்கூட்டர்லயா?"

"தகவல் திரட்டிக்கிட்டு இருக்கோம்" என்றேன், சிரிக்க வைக்கலாம் என்று.

"நான் இங்கனதான இருக்கேன், என்னையத் திரட்டுங்க."

என் சம்சாரம் சிரித்தாள். கொழுந்தியா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துத் தூள் ஏறி விரலெல்லாம் சாம்பல் நிறம்.

'திரட்டப்பட்டு வருகிறது' என்று சபையில் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறிவிடுமாம். முழுப் பதில் கொடுக்கும்வரை விடமாட்டார்களாம். இது எனக்கு, அந்தக் காகிதம் வட்டமடித்து மறுபடி என் மேஜைக்கு வந்தபோதுதான் தெரியும். இந்தத் தடவை கூடவே ஒரு கட்டம்: 'தாமதத்துக்குக் காரணம்.'

மூன்று முறை பாத்ரூம் போய் வந்தேன். பாயுடைய வரியைவிட நல்ல வரியாக எழுதிவிட வேண்டும் என்பதுதான், வெட்கத்தை விட்டுச் சொன்னால், என் முதல் கவலை. அடித்து அடித்து எழுதினேன். ஒன்றில் மழையைக் காரணம் காட்டினேன். மழை பெய்தால் ஆலையே ஓடாது, ஆம்புலன்ஸ் எதற்கு என்று எனக்கே உறைத்தது, கிழித்தேன். கடைசியில் முதல் கேள்விக்கு 'இல்லை; உடனே தேவை' என்றும், தாமதத்துக்கு 'இல்லை என்று எழுதத் தயங்கியதால்' என்றும் எழுதி, அதிகாரி அம்மா முன்னால் நின்றேன்.

"தயங்குனது யாரு?"

"நான்தாம்மா."

"அதையும் எழுதுங்க."

எழுதினேன். என் பதவிப் பெயரோடு போனது. பாய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதிலும் அவர் முந்திக்கொண்டது எனக்கு எரிச்சல்தான்.

வண்டி இன்னும் வரவில்லை. போன வாரம் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த ஆள், "பரிசீலனையில இருக்கு சார், சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். திணறல் இல்லை, தேன் மாதிரி வழிகிற குரல். எம்புட்டு சுத்தமாகச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது. பிறகு, ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது, அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் குரல் லேசாகக் கம்மியது. "கொஞ்சம் லைன்ல இருங்க சார்."

"இருக்கேன்" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.